சின்ன வெங்காயம் பயிரிடும் உழவர் நிறுவனத்துக்குத் தனிச் செயலி தேவையா, திறந்த தரவே போதுமா?

கேள்வி: ஆலத்தூர்வாசி

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இயங்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்களில் நானும் ஒருவன். எங்கள் உறுப்பினர்கள் கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் சிறு, குறு விவசாயிகள். பெரும்பாலோரிடம் இரண்டு ஏக்கருக்கு மேல் இல்லை. அண்மையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தார் வந்து, எங்கள் பெயரிலேயே ஒரு செயலி உருவாக்கித் தருவதாகச் சொன்னார்கள். அன்றாடச் சந்தை விலை, ஊராட்சி அளவிலான வானிலை, ஒவ்வொரு வயலின் பயிர் நிலையைக் காட்டும் செயற்கைக்கோள் படம், மண்வள அட்டையை ஒட்டிய உரப் பரிந்துரை ஆகிய எல்லாம் அதில் இருக்குமாம். ஆண்டுக்கு ஒரு முறை கட்டணம் செலுத்த வேண்டும்.

இந்தத் தரவுகள் எங்கிருந்து வருகின்றன என்று நான் கேட்டதற்கு, பெரும்பாலானவை அரசு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் தரவுகள்தாம் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இலவசமாகக் கிடைப்பதை நாங்களே எடுத்துக்கொள்ள முடியாதா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. தமிழ்நாடு அரசின் உழவன் செயலி ஏற்கெனவே எங்களில் பலருடைய கைப்பேசியில் இருக்கிறது. மானியத்துக்குப் பதிவு செய்யத் திறப்பதோடு சரி, அதன் பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு செயலியும் அதே கதிக்கு ஆளாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

எங்களுக்கு உண்மையில் விடை தெரிய வேண்டிய கேள்விகள் சிலவே. பறித்த வெங்காயத்தை உடனே விற்பதா, பட்டறை போட்டு (குவித்துச் சேமித்து) வைப்பதா? வைத்தால் எப்போது பிரிப்பது? வெங்காய இலைகளைத் திருக வைக்கும் பூஞ்சை நோயான திருகல் நோய்க்கு மருந்து அடிக்கும் நாளை எதை வைத்து முடிவு செய்வது? திறந்த தரவு இவற்றுக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதை, இத்துறையில் வேலை செய்தவர்கள் விளக்கினால் அடுத்த இயக்குநர் கூட்டத்தில் முன்வைக்க உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: தரவுத்தச்சன்

விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சில ஆண்டுகளாக நான் கையாண்டு வருவது அதுதான்.

செயலிகளில் நீங்கள் பார்க்கும் சந்தை விலைகளில் பெரும்பகுதி, ஒன்றிய அரசு 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்மார்க்நெட் என்ற ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. அதே விவரங்கள் இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலும் நாள்தோறும் ஏற்றப்படுகின்றன. மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள், ரகம், தரம், வரத்து நாள் ஆகியவற்றோடு குறைந்த விலை, கூடிய விலை, பெரும்பான்மை விலை (பெரும்பாலான சரக்கு விற்ற விலை) என்று மூன்று விலைகள் குவிண்டால் கணக்கில் இருக்கும். தளத்தில் பதிவு செய்து ஒரு திறவுகோல் (தரவை எடுக்க அனுமதிக்கும் எண்ணெழுத்துக் குறி) பெற்றுக்கொண்டால், கணினி தெரிந்த ஓர் இளைஞரால் ஒரு பிற்பகலிலேயே இவற்றை எக்செல் தாளுக்குக் கொண்டுவந்துவிட முடியும். பதிவு செய்யாமல் மாதிரித் திறவுகோலைப் பயன்படுத்துவோருக்குப் பத்து வரிகளுக்கு மேல் கிடைக்காது என்பதால், பலர் அங்கேயே சலித்துப்போய் நின்றுவிடுகிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டுக்கான பதிவுகளைத் திறந்து பார்த்தால் சந்தைப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'உழவர் சந்தை' என்று மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். உழவர் சந்தை விலை என்பது நுகர்வோருக்குக் கிலோ கணக்கில் விற்பதற்காகக் காலையில் நிர்ணயிக்கப்படும் விலை. அது மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் கடை விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். உங்கள் உறுப்பினர் திருச்சி மண்டிக்கோ திண்டுக்கல்லுக்கோ மூட்டை ஏற்றிவிட்டு, செயலியில் உழவர் சந்தை விலையைப் பார்த்தால், மண்டிக்காரர் தம்மை ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார். உண்மையில் அவர் இரண்டு வெவ்வேறு விலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தனியார் கமிஷன் மண்டிகளில் நடக்கும் வியாபாரமோ இந்தப் பதிவுகளுக்குள் பெரும்பாலும் வருவதே இல்லை. போதாக்குறைக்கு, வெங்காயம் என்ற பொதுத் தலைப்பின்கீழ் பல்லாரியும் சின்ன வெங்காயமும் சில இடங்களில் கலந்து கிடக்கும் என்பதால், ரகம் என்ற பத்தியைப் பார்க்காமல் சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இன்றைய விலையைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்ற கேள்விக்கும் ஆராய்ச்சியாளர்களிடையே ஒரே விடை இல்லை. வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி வந்த காலத்தை ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. கடலில் இருக்கும்போதே பல துறைகளின் விலையைக் கேட்டறிந்த மத்தி மீனவர்கள் படகை வேறு கரைக்குத் திருப்பினார்கள், விலைபோகாமல் வீணாகும் மீன் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று, மீனவரின் இலாபம் சுமார் 8 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் மகாராட்டிரத்தில் 100 கிராமங்களில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி வழியாக விலையும் வானிலையும் அனுப்பிப் பார்த்த ஃபாஃப்ஷாம், மின்டன் ஆகியோர், அவர்கள் பெற்ற சராசரி விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2012-இல் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட விளைபொருள்களில் வெங்காயமும் ஒன்று என்பதை உங்கள் இயக்குநர் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

என் பார்வையில் வேறுபாடு தரவில் இல்லை. மீனவரின் படகு எந்தக் கரைக்கும் போகும். விதைக் காய் (நடுவதற்கான வெங்காயம்) வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்ற விவசாயி, வேறு ஊரில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதல் என்று தெரிந்தாலும் சரக்கை அங்கே கொண்டுபோக முடியாது. உறுப்பினருக்கு முன்பணம் கொடுக்கவும் ஒரு லாரிச் சரக்கைத் திரட்டவும் உங்கள் நிறுவனத்தால் முடிந்தால்தான் விலைத் தரவுக்கு வேலை இருக்கும்.

பட்டறைக் கேள்விக்கு இன்றைய விலை உதவாது. பத்தாண்டு விலைகளை மாதவாரியாகப் பிரித்து வைத்துக்கொள்வதே உதவும். எந்த மாதத்தில் பறித்ததை எத்தனை வாரம் கழித்து விற்றவருக்கு எத்தனை ஆண்டுகளில் ஆதாயம், எத்தனை ஆண்டுகளில் இழப்பு என்பதை அந்த அட்டவணை காட்டிவிடும். அதில் எடைச் சேதத்தைக் கழிப்பதற்குத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பறித்த அன்று கிலோ 40 ரூபாய்க்குப் போயிருக்கக்கூடிய 1,000 கிலோ, பட்டறையில் காய்ந்தும் அழுகியும் 800 கிலோவாகக் குறைந்தால், 50 ரூபாய்க்கு விற்றால்தான் அதே 40,000 ரூபாய் கைக்கு வரும். பட்டறை போட்ட கூலியும் திரும்பப் புடைத்த கூலியும் தனி. இந்தச் சேத விகிதம் எந்த அரசுத் தளத்திலும் உங்கள் ஊருக்கென்று கிடைக்காது. பட்டறை போடும்போதும் பிரிக்கும்போதும் எடை போட்டுக் குறித்து வைத்தால், இரண்டு மூன்று பருவங்களில் அதை நீங்களே உருவாக்கிவிடலாம். அதோடு உறுப்பினர்கள் கொண்டுவரும் மண்டிச் சீட்டுகளையும் படம் எடுத்து, நாள், எடை, கழிவு, விலை, கமிஷன் என்று ஒரு தாளில் ஏற்றுங்கள். செயலி நிறுவனத்திடம் இல்லாத தரவு இதுதான்.

மறுமொழி 2: பணி நிறைவு பெற்ற வேளாண் அலுவலர்

வானிலையும் மண்ணும் பற்றி நான் சேர்க்கிறேன்.

ஊராட்சி அளவிலான வானிலை முன்னறிவிப்பு 2024 அக்டோபர் 24 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. முதல் ஒன்றரை நாளுக்கு மணிவாரியாகவும், ஐந்து நாள் வரை மூன்று மணிக்கு ஒரு முறையும், பத்து நாள் வரை ஆறு மணிக்கு ஒரு முறையும் விவரம் தருகிறார்கள். இது யாருக்கும் இலவசம். ஆனால் ஊராட்சியின் பெயர் போட்டிருப்பதால் அந்த ஊராட்சியில் அளந்து சொன்னது என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்தச் சேவை தொடங்கியபோது வானிலைத் துறையின் உலகளாவிய கணிப்பு மாதிரியில் நிலப்பரப்பைப் பிரிக்கும் ஒரு கட்டத்தின் அளவு 12 கிலோமீட்டர். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பில் அது 6 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது. பச்சைமலைக்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் தூறல்கூட இல்லாத இடிமழையை அந்தக் கட்டம் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமும் ஈரமும் நிற்குமா என்பதற்கு அது பெரும்பாலும் போதுமான விடை தருகிறது. திருகல் நோய்க்கு நமக்குத் தேவைப்படுவதும் அதுவே, ஏனென்றால் அந்தப் பூஞ்சை பரவுவது தொடர் ஈரத்தில்தான். செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். அரசின் மேகதூத் என்ற வேளாண் வானிலைச் செயலியில் அது தமிழிலும் வரும்.

ஊருக்கு ஒரு மழைமானி வையுங்கள். முன்னறிவிப்பு 30 மில்லிமீட்டர் என்றது, நம் ஊரில் பெய்தது எவ்வளவு என்று ஒரு வடகிழக்குப் பருவம் முழுவதும் குறித்து வந்தாலே, எதை நம்பலாம், எதைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

மண்வள அட்டையைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2015-இல் தொடங்கிய அத்திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒரு மாதிரியும் மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒரு மாதிரியும் எடுப்பதே விதிமுறையாக இருந்தது. இரண்டு ஏக்கர்காரரின் அட்டையில் உள்ள எண்கள் அடுத்த காட்டுக்காரரின் மண்ணிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். கார அமில நிலை, உப்பின் அளவு போன்றவற்றுக்கு ஓரளவு நம்பலாமே தவிர, தழைச்சத்து இத்தனை கிலோ போடு என்று செயலி சொல்வதை அப்படியே ஏற்பது சரியன்று. வெங்காயக் காட்டுக்காவது தனியாக மண் எடுத்து ஆய்வகத்தில் கொடுப்பதே முறை.

பலர் கவனிக்காத ஒரு புதையல் இருக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணில் 2004 முதல் இயங்கும் கிசான் அழைப்பு மையத்துக்கு விவசாயிகள் கேட்ட கேள்விகளும் அவர்களுக்குச் சொல்லப்பட்ட விடைகளும், பேசியவரின் பெயரின்றி, மாவட்டவாரியாகத் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கின்றன. நாள், வட்டாரம், பயிர், கேள்வி, விடை என்று வரிவரியாக இருக்கும். ஆங்கில எழுத்தில், சுருக்கமாக, எழுத்துப் பிழைகளோடு இருப்பதால் பொறுமை வேண்டும். வானிலை எப்படி என்று கேட்ட வரிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், உங்கள் மாவட்டத்தில் வெங்காயத்துக்கு எந்த வாரத்தில் இலைப்பேன் கேள்வி கூடுகிறது, எந்த வாரத்தில் அழுகல் கேள்வி கூடுகிறது என்பதை ஆண்டுவாரியாக எடுத்துவிடலாம். நோய் நாள்காட்டி ஒன்று தயாரிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

உழவன் செயலியை ஒதுக்கிவிடாதீர்கள். 2018-இல் வந்தது முதல் அதில் உர இருப்பு, விதை இருப்பு, வாடகை இயந்திரம், உதவி வேளாண்மை அலுவலர் ஊருக்கு வரும் நாள் ஆகியவை இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்துக்கு டிஏபி வாங்க வண்டி எடுத்துக்கொண்டு போகும்முன் இருப்பைப் பார்ப்பவர் என் பழைய வட்டாரத்தில் மிகச் சிலரே.

மறுமொழி 3: மேட்டுக்காடு

மேலே இருவரும் சொன்னவை பயனுள்ளவை. ஆனால் இவற்றை யார் படிப்பார்கள்? எங்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் பள்ளிக்குச் செல்லும் மகனிடமும் வெளியூர் போகும் கணவரிடமும் இருக்கிறது. களை எடுப்பதும் நோயை முதலில் கண்ணால் பார்ப்பதும் நானும் கூலிக்கு வரும் பெண்களும். எங்களிடம் இருப்பது பட்டன் போன்தான். ஆகவே செயலியைவிடக் குரல் அழைப்பே எங்களுக்குப் பொருந்தும். குஜராத்தில் பருத்தி விவசாயிகளுக்கு வாரந்தோறும் குரல் செய்தி அனுப்பியும், அவர்கள் கேள்விகளைப் பதிவு செய்து விடை சொல்லியும் நடத்திய ஆய்வில், ஆபத்தான பூச்சிமருந்துகளின் பயன்பாடு குறைந்ததாகப் படித்திருக்கிறேன். "இன்றும் நாளையும் மழை, மருந்து அடிக்க வேண்டாம்" என்று காலை ஏழு மணிக்குள், எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் குரலில் வந்தால் கேட்போம். பத்து மணிக்கு வந்தால் அதற்குள் தெளிப்பானில் மருந்து கலந்திருக்கும்.

மறுமொழி 4: தொலையுணர்வு மாணவன்

ஐயா, செயற்கைக்கோள் படத்துக்காக மட்டும் தனியாகப் பணம் கேட்டால் சற்று யோசியுங்கள். அவர்கள் காட்டப்போவது அநேகமாக ஐரோப்பாவின் சென்டினல்-2 படமாகத்தான் இருக்கும். அது உலகில் யாரும் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த தரவு. ஐந்து நாளுக்கு ஒரு முறை வரும் அப்படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஓர் ஏக்கருக்கு நாற்பது புள்ளிகள் கிடைக்கும். அரை ஏக்கர் வெங்காயத்துக்கு இருபது. அவற்றிலும் வரப்போரப் புள்ளிகளில் பக்கத்துக் காட்டு மக்காச்சோளம் கலந்துவிடும் என்பதால், நம்பத்தக்கவை பத்துக்கு மேல் தேறா. எழுபது நாளில் முடியும் பயிரில், மழைக்கால மேகத்தின் நடுவே தெளிவான படம் எத்தனை கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். கிடைத்த படத்தில் பயிர் நலிவென்று சிவப்பாகத் தெரியும் இடம் திருகல் நோயா, தண்ணீர்க் குறையா, களையெடுத்த வெற்றிடமா என்பதை அந்தப் படம் சொல்லாது.

மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் சென்டினல்-1 வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. நெல் வயலில் நிற்கும் தண்ணீரும் பயிரின் வளர்ச்சியும் ரேடாரில் தெளிவான தடம் விடுவதால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் பங்கேற்ற ரைஸ் திட்டத்தில் அவற்றை நன்றாகப் பயன்படுத்தினார்கள். 2016-17 வறட்சியில் சம்பா விதைப்பு பொய்த்த கிராமங்களைக் கண்டறிந்து காப்பீட்டுத் தொகை வழங்குவதற்கும் அது உதவியது. வெங்காயத்துக்கு அப்படியொரு நிலைபெற்ற முறை இல்லை. உங்கள் உறுப்பினர்களின் மக்காச்சோளப் பரப்பை மொத்தமாகக் கண்காணிக்க வேண்டுமானால் செயற்கைக்கோளால் முடியும். வீடு வீடாக வெங்காயப் பாத்தியைப் பார்ப்பதற்கு வாரம் ஒரு முறை நடந்து போய் வரும் ஓர் ஆளே மேல்.

ஆலத்தூர்வாசி

அனைவருக்கும் நன்றி. மண்டிச் சீட்டு, பட்டறை எடை, மழைமானி ஆகிய மூன்றையும் இந்தப் பட்டத்திலேயே தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். காலைக் குரல் செய்திக்கு எங்கள் தலைமைச் செயல் அலுவலரே பொருத்தமானவர், அவர் குரல் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஐயம் மட்டும் எஞ்சி நிற்கிறது. எதிர்காலத்தில் அந்த நிறுவனத்தாரோடு ஒப்பந்தம் போட நேர்ந்தால், நாங்கள் திரட்டும் உறுப்பினர் விவரங்கள் யாருக்குச் சொந்தம்? வரைவு ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுமொழி 5: தரவுத்தச்சன்

அந்த ஒரு வரி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். ஒருவரின் புல எண், கைப்பேசி எண், விளைச்சல், கடன் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தால், எந்த வாரத்தில் யாருக்குப் பணமுடை என்பது வியாபாரிக்கும் மருந்துக் கடைக்கும் தெரிந்துவிடும். அரசு தரவைத் திறந்துவிடுவதும் உங்கள் உறுப்பினரின் விவரம் வெளியே போவதும் ஒன்றல்ல. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. ஆனால் பதிவு செய்யும்போது தோன்றும் பெட்டியில் 'சரி' என்று தொட்டதையே ஒப்புதலாகக் காட்டுவார்கள் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் தரவு உழவர் நிறுவனத்துக்கு உரியது என்றும், உறுப்பினர் விவரங்களை மூன்றாமவருக்கு விற்பதற்கோ பகிர்வதற்கோ இயக்குநர் குழுவின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும் என்றும், ஒப்பந்தம் முடியும்போது முழுத் தரவையும் எக்செல்லில் திறக்கக்கூடிய சாதாரண சிஎஸ்வி கோப்பாகத் திருப்பித் தந்துவிட்டுத் தங்கள் கணினியிலிருந்து நீக்க வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். கோப்பைத் திருப்பித் தருவதை ஆண்டு முடிவில்தான் என்று வைக்காமல், மாதம் ஒரு முறை உங்கள் அலுவலகக் கணினிக்கு வந்து சேர வேண்டும் என்று வையுங்கள். அவர்கள் இதற்கு மறுத்தால் மண்டிச் சீட்டுத் தாளை வழக்கம்போல எக்செல்லிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் உறுப்பினருக்குள் இருக்கும் நிறுவனத்துக்கு அது தாராளமாகப் போதும்.